வெட்டிய மரத்தடியில் ஒரு கட்டுரை

டக்... சரக்... டக்... சரக். எண்பதுகளில் தர்மபுரியில் கரீம் பாயின் அச்சகத்தில் ஓடிய ட்ரெடில் மெஷினின் சத்தம் அது. இன்றும் மின்விசிறி தேய்ந்து சுற்றினால் தலை தூக்கிப் பார்க்கிறேன். பிழை திருத்துகிறவர் கண்ணுக்குச் சரியாக இருப்பது தெரியாது, தவறு மட்டுமே தெரியும். இந்த வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ் பி.ஏ. முடித்துவிட்டு, அங்கே அச்சான ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்குப் பிழை திருத்தினேன். ஆசிரியர் சம்பத் எழுதுவார், பாய் எழுத்துக் கோப்பார், நான் திருத்துவேன். மூன்றே பேர்.

முதல் வாசகர்

வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் முதல் பிரதியை வாங்க உளவுப் பிரிவு ஏட்டு வருவார். வேட்டி சட்டையில்தான் வருவார், ஆனாலும் தெருவுக்கே தெரியும். எந்தக் கிராமத்தில் யாரைப் போலீஸ் கூட்டிப்போனது, யார் திரும்பவில்லை என்பதுதான் பெரும்பாலும் எங்கள் செய்தி. நின்றபடியே கடைசி வரிவரை படிப்பார். இவ்வளவு ஊன்றிப் படிக்கிற ஒருவரைப் பார்த்துப் பயப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் அவரே வாய் திறந்தார்: "போன வாரம் எழுத்து ரொம்பப் பொடிசுங்கம்மா. கண்ணு வலிக்குது, கொஞ்சம் பெருசாப் போடுங்க."

ஜாமீன்

லாக்கப்பில் ஓர் இளைஞன் இறந்ததை எழுதிய வாரம் போலீஸ் ஆசிரியரைத் தேடி வந்தது. அவர் அப்போது அங்கே இல்லை. அவருக்குப் பதிலாக அச்செழுத்துப் பெட்டிகளைச் சாட்சியம் என்று தூக்கிப்போனார்கள். பத்து நாள் கழித்து எல்லா எழுத்தும் கலந்து, மூட்டையாகத் திரும்பி வந்தது. நானும் பாயும் தரையில் கொட்டி, க தனி, ச தனி என்று பொறுக்கினோம். பாய் நிமிராமலே சொன்னார்: "ஆளப் புடிச்சா ஜாமீன் எடுக்கலாம்மா. இதுகளுக்கு யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

இண்டூரில் நடந்தவர்

ஆசிரியர் அன்றே பெங்களூருக்குப் போய்விட்டார். பிடிபட்டால் அடுத்த லாக்கப் செய்தியில் அவர் பெயர் இருக்கும். அவர் ஊருக்குள்தான் ஒளிந்திருக்கிறார் என்று போலீஸ் நம்பும்வரை பெங்களூரில் தேட மாட்டார்கள். அதனால் இங்கேயே சுற்றுகிற மாதிரி எழுதி அனுப்பினார். பெங்களூரிலிருந்து காரிமங்கலம் சந்தைக்கு வரும் தக்காளி வியாபாரி ஒருவர் கூடைக்கடியில் வைத்துக் கொண்டுவருவார். பத்திரிகை என் பெயருக்கு மாறியது.

'நேற்று இண்டூரில் நடந்தேன்' என்று பக்கத்து ஊரை வைத்து ஒரு கட்டுரை போட்டோம். போலீஸ் இரண்டு நாள் இண்டூரில் வீடு வீடாகத் தேடியது. எங்கள் தந்திரம் பலித்தது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது அந்த ஊர்க்காரர் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். "நாங்க அவரக் கண்ணாலயும் பாக்கலீங்க. வூட்டுல இருந்த பானையெல்லாம் ஒடச்சுட்டாங்க. அடுத்த வாரம் அவர வேற ஊர்ல நடக்கச் சொல்லுங்க."

புளியமரம்

அதன்பின் வேறு ஊர்களில்தான் நடந்தார். அவர் போன ஐந்தாம் மாதம், அதியமான்கோட்டை பஸ் நிறுத்தத்தில், புளியமரத்தடியில் உட்கார்ந்து கூலிக்காரர்களோடு பேசியதாக எழுதியிருந்தார். நான் இரண்டு ஒற்றெழுத்தைச் சேர்த்தேன், ஒரு காற்புள்ளியை எடுத்தேன். தினமும் அந்த நிறுத்தத்தில்தான் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். அச்சாகிவிட்டது. ஏட்டு வந்தார், படித்தார், நிதானமாக மடித்தார். "அந்த மரத்த வெட்டி மூணு மாசம் ஆச்சுங்களேம்மா. ஆசிரியருக்கு யாரும் சொல்லலீங்களா?"

பதில்

அது எச்சரிக்கையா, வலையா, வெறும் வாசகர் சந்தேகமா? இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. மரம் போனதையும், அவர் ஊரில் இல்லாதது ஏட்டுக்குத் தெரிந்துவிட்டதையும் சொல்லி, பெங்களூர் அறையை உடனே மாற்றும்படி வியாபாரியிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன். பழைய அறையைத் தேடி யாராவது போனார்களா என்பதும் தெரியாது. ஏட்டு வழக்கம்போல வெள்ளிக்கிழமை வந்தார், மரத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அடுத்த சந்தையில் பதில் வந்தது. அறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே வரி: "மரத்தை யார் வெட்டினார்கள், நாம் ஏன் அதை எழுதவில்லை?"

ஆசிரியர் ஊர் திரும்பவில்லை. பெங்களூரில் கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பிழை திருத்தியே காலம் தள்ளி அங்கேயே இறந்தார், அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பறிமுதல் செய்யவில்லை.