எடை பத்தாது

டிராக்டரின் பின்சக்கரத்து டியூபிலிருந்து பீய்ச்சியடிக்கும் பழைய தண்ணீருக்கு ஒரு நாற்றம் உண்டு. வெந்த ரப்பரும் பாசியும் கலந்த மாதிரி. உழும்போது சக்கரத்துக்குக் கனம் வேண்டுமென்று டியூபில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். அந்த நாற்றம் பட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

கே.ஜி.கண்டிகையில் எங்கள் நைனா டயர் கழற்ற வெளியாள் தேடமாட்டார். சக்கரத்தைப் படுக்கப்போட்டு, ரிம்மோடு ஒட்டிப்போன டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கடப்பாறையால் நெம்பிக்கொண்டே, "பெரிசு, வந்து ஏறும்மா!" என்று அக்காவைக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் "குண்டு" என்று கேலி செய்த அதே அக்கா, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிக் குதித்தால், மூன்றாம் குதியில் டயர் ஓரம் "டொப்"பென்று இறங்கிவிடும். "ஆங், எறங்கிச்சி பாரு! பெரிசு பெரிசுதான்!" என்று நைனா வாய்விட்டுச் சிரிப்பார். நான் ஏறவா என்று கேட்டால், "உனக்கு எடை பத்தாதும்மா, போயி சோப்புத்தண்ணி கொண்டா" என்பார்.

எடை ஏற நான் தின்னாத தீனியில்லை. களியும் வேர்க்கடலையும் எங்கே போயிற்றோ, ஒல்லிக்குச்சியாகவே இருந்தேன். ஒரு சேற்றுழவு சமயத்தில் பின்டயர் பஞ்சராகி, அன்றைக்கென்று அக்கா காய்ச்சலில் படுத்துவிட, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குள் ஒரே குஷி. நைனா கூப்பிடும் முன்பே அம்மிக்குழவியை மார்போடு அணைத்துக்கொண்டு டயர்மேல் ஏறினேன். ஒரே குதிதான். குழவி நழுவி, ரிம்மின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த டியூப் வால்வை நசுக்கிவிட்டது. நைனா அடிக்கவில்லை. வேறு டியூப் வாங்கத் திருத்தணிக்குக் கிளம்பும்போது, "பெரிசு எழுந்துக்கட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்" என்றார். அதற்குப் பதில் இரண்டு அடி போட்டிருக்கலாம்.

அக்கா இப்போது பள்ளிப்பட்டு மருமகள். கழனி வேலையில் பாதியாக இளைத்துவிட்டாள். நானோ இரண்டு பிள்ளை பெற்று அவளைவிடப் பத்துக் கிலோ கூடுதல். போன மாதம் நான் ஊரில் இருந்தபோதே பின்டயர் பஞ்சர். முட்டிவலியோடு சக்கரத்தைச் சாய்த்த நைனா, நேராக அக்காவுக்குப் போன் போட்டார்.

"நான் இங்கியேதான நிக்கிறேன் நைனா, எடையும் இருக்குது" என்றேன்.

"எடை இருந்தா ஆச்சா? எங்க மிதிக்கணும்னு அவளுக்குத்தான் தெரியும். இரு, வந்துகினு இருக்கா."

வந்தாள், ஏறினாள், இரண்டே குதியில் இறங்கிவிட்டது. அந்த நாற்றம், அந்தச் சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. எடை பத்தாது என்கிற சாக்கு மட்டும்தான் இப்போது இல்லை. சோப்புத் தண்ணீர் மக்கைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.