மூடாமல் விட்ட மேற்கோள் குறி

அந்தப் பெண் எங்கள் கணினித் திரையில் விரலை வைத்து, "இந்தா, இங்க இருக்கே எங்கய்யா பேரு. அங்க இல்லையே!" என்று சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையில், நானும் என் அத்தை மகனும் சேர்ந்து இணையதளங்கள் செய்துகொடுத்த காலம் அது. அவனை நான் மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். இருவருக்கும் ஒரே வயது. குணம்தான் வேறு.

மச்சான் எழுதிய நிரலை அப்படியே ஏற்றமாட்டான். பிழை பார்த்துச் சொல்வதற்கென்றே இணையத்தில் இருக்கும் ஒரு தளத்தில் முழுவதையும் கொடுத்து, பிழை இல்லை என்று அது சொன்ன பிறகுதான் டீ குடிக்க எழுவான். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. "ஏலே, நல்லாத்தான தெரியுது? பெறகு எதுக்குச் சோதனை?" என்பேன். "ஒனக்குத் தெரியுது மாப்ள. ஊருக்கெல்லாம் ஒன் கம்ப்யூட்டரா இருக்கு?" என்று சிரிப்பான்.

ஒரு கண் மருத்துவமனை திருச்சுழிப் பக்கம் முகாம் நடத்தி, அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களின் பெயர்களை ஊர்வாரியாக வெளியிடும் வேலையை எங்களிடம் தந்தது. மச்சான் வெளியூர் போயிருந்தான். நானே பட்டியலைத் தயாரித்து, என் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றிவிட்டேன். ஓர் ஊர்ப் பெயருக்கு மேலே, நிரலில் திறந்த மேற்கோள் குறியை மூட மறந்திருந்தேன். என் பிரவுசர் அந்தத் தவற்றைத் தானே சரிக்கட்டிக்கொண்டு காட்டியது. திருச்சுழி பிரவுசிங் சென்டரில் இருந்ததோ பழைய பிரவுசர். அடுத்த மேற்கோள் குறி வரும்வரை இருந்த ஏழு பெயர்களையும் அது விழுங்கிவிட்டது. பெயர் வரவில்லை என்று நம்பி ஏழு பேரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மருத்துவமனை வேன் அவர்கள் இல்லாமலே மதுரைக்குப் போனது.

மறுநாள் பஸ் ஏறி எங்களைத் தேடி வந்தவள்தான் அந்தப் பெண். "அடுத்த வாரம் எம் மகளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள ஒரு கண்ணாச்சும் தெரிஞ்சிரும்னு அய்யா நெனச்சிருந்தாக" என்றாள்.

அன்று மாலை திரும்பிய மச்சான் பக்கத்தைச் சோதனைக்குக் கொடுத்தான். முதல் பிழையாகவே என் வரி வந்து நின்றது. அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ நேரே மருத்துவமனைக்குப் போன் போட்டு, அடுத்த வேனில் ஏழு பேருக்கும் இடம் கேட்டான். கிடைத்தது, ஒரு மாதம் கழித்து. "வா, நேர்ல போயிச் சொல்லிருவோம்" என்று வண்டியை எடுத்தான். கருவேலங்காட்டுக்கு நடுவே போன சாலையில் அந்த ஊருக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

கடைசி வீட்டில் அந்தப் பெண்ணின் தகப்பனார் இருந்தார். "தப்பு எம்மேலதான்யா" என்றேன். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "வந்து சொன்னீகளே, அது போதும். ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வந்துருங்க" என்றார்.

மச்சான் வெளிநாடு போய் வெகுகாலம் ஆகிறது. கடையை நான்தான் நடத்துகிறேன். இப்போதைய பிரவுசர்கள் பெரும்பாலான பிழைகளைப் பொறுத்துக்கொள்கின்றன. இருந்தும் சோதிக்காமல் எதையும் ஏற்றுவதில்லை. அந்தச் சோதனைத் தளம் நிரலைத்தான் பார்க்கும், பெயர் சரிதானா என்று பார்க்காது. அதனால் பெயர்களை வாய்விட்டு வாசிக்கவும் செய்கிறேன். பக்கத்தில் இருந்து சரிபார்க்க மச்சான் இல்லாததுதான் குறை.

அவனை நினைத்தால் அந்தக் கல்யாணம் ஞாபகம் வருகிறது. பெரியவரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மச்சான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேத்தியின் சேலை நிறத்தையும் மாப்பிள்ளையின் முகத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மேளச் சத்தம் உயர்ந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பி, "கட்டிட்டாகளா?" என்று கேட்டார்.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான்தான் சொன்னான், "கட்டிட்டாகய்யா."