மீன் காயப்போடாத மாடி

அக்கா இருந்திருந்தால், இந்த நினைவு மலர் அச்சகத்திலிருந்து வந்ததும் கட்டைப் பிரித்து, எதிலாவது பக்கம் குறைகிறதா என்று பார்த்திருப்பார். பிறகு, இதை எழுதியது தம்பிதானா, வேறு யாரையாவது வைத்து எழுதினானா என்று கேட்டிருப்பார். நானேதான் எழுதினேன். அவர் கையில் வளர்ந்ததால் எனக்கும் அந்தச் சந்தேகப் புத்தி கொஞ்சம் உண்டு.

முட்டுக்காட்டுக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் பிறந்தவர் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் சின்ன வயதிலேயே கூடை தூக்கினார். கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி, செங்கல்பட்டுச் சந்தையில் விற்று வருவார். அடுத்தவர் தராசை நம்பமாட்டார், கண்டக்டரை நம்பமாட்டார், ரேடியோ சொல்லும் மழையை நம்பவே மாட்டார். கட்டுமரத்தில் அடிபட்டு அக்காவின் கணவர், எங்கள் மாமா, இடுப்புக்குக் கீழே அசைவின்றிப் படுத்த பிறகு, குடும்பம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் குப்பத்தில் தீப்பிடித்து எங்கள் குடிசை சாம்பலானது. மாமாவைப் பாயோடு இழுத்து வெளியே கொண்டுவந்தோம். இனி கீற்றுக் கூரையே கூடாது, காங்கிரீட் தளம்தான் என்று அன்றே அக்கா முடிவு செய்தார்.

செங்கல்பட்டிலிருந்து வந்த மேஸ்திரி பாவம். பாலாற்று மணல் என்று லாரியிலிருந்து கொட்டியதை அக்கா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

“இன்னாக்கா, மண்ணப் போய் துன்ற?”

“உப்பு கரிக்குதான்னு பாக்கறேன். கடலாண்ட வாரிகினு வந்து ஆத்து மண்ணுன்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதா?”

கிழக்கே பெரிய ஜன்னல், காற்று வெளியேற வடக்கே இன்னொன்று, சாயங்கால வெயில் அடிக்கும் மேற்கில் தடித்த சுவர் மட்டும் என்றார் மேஸ்திரி. ஊதுபத்தி கொளுத்திப் புகை போகும் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அக்கா சரி என்றார். ஆனால் மாடி விஷயத்தில் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

“தளத்த அப்டியே வுட்டா வூடு அடுப்பாட்டம் ஆயிடும்க்கா. மண்சட்டிய கவுத்து அடுக்கி, மேல சுண்ணாம்பு ஜல்லி போட்டு மூடி, வெள்ளயடிச்சிடலாம். சட்டிக்குள்ள கீற காத்து சூட்ட கீழ வுடாது. ஆனா மேல ஆளு நடமாடக் கூடாது.”

“சட்டி எங்க வாங்கணும்?”

“படாளத்துல நம்ம மச்சான் பண்றான்.”

“அதானே பாத்தேன்!” என்றார் அக்கா. பேச்சு அத்தோடு முடிந்தது. சட்டி வேண்டாம் என்றதில் அவருக்கு வேறு கணக்கும் இருந்தது. வெறும் தளத்தில் மீன் காயப்போட்டால் மணல் ஒட்டாது, நாய் வராது.

அந்தக் கோடையில் கருவாடு மதியத்துக்குள் காய்ந்தது. சந்தையில் அக்காவுக்கு நல்ல பெயர். கீழே மாமாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, சோறு இறங்கவில்லை. நாங்கள் சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவோம், அவரால் முடியாது. அக்கா முதலில் மருந்துக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டார், பிறகு மணலை, கடைசியில் வேண்டுமென்றே சாப்பிடவில்லையோ என்று மாமாவையே. மின்விசிறி மாட்டினார். கரண்டு இருந்த நேரத்தில் அது தளத்துச் சூட்டை வாரி மாமாவின் முகத்தில் கொட்டியது.

ஒரு மதியம் மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு இறங்கி வந்தவர், “வாளை ஜோரா காஞ்சிகீது” என்றார்.

மாமா தலையைத் திருப்பவில்லை. “மேல மீனு காயுது, கீழ நான் காயறேன். எத மொதல்ல சந்தைக்கு எடுத்துகினு போவ?”

அக்கா ஸ்டூலில் ஏறி, மாமாவின் படுக்கைக்கு நேர் மேலே தளத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர் தன் மாடியை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தார். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன்.

மறுநாளே படாளம் போனார். சட்டி ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்ததில் மேஸ்திரியின் மச்சான் நொந்தே போனார். மாடி முழுக்கச் சட்டி ஏறியதும் கருவாடு பழையபடி மணலுக்கு இறங்கியது, நாய்களுக்குக் கொண்டாட்டம். அடுத்த கோடையில் மாமா மதியச் சோறு சாப்பிட்டுத் தூங்கினார். தூங்குவதுபோல் நடிக்கிறாரோ என்று, குறட்டை வரும்வரை அக்கா வாசற்படியிலேயே நின்றார். சில வருஷம் கழித்து மாமா அந்த அறையிலேயே நிம்மதியாகக் கண்மூடினார்.

நம் உறவில் வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தளம் போட்டதும் வேலை முடிந்தது என்பவரை நம்பாதீர்கள். மின்விசிறிதான் இருக்கிறதே என்பவரை இன்னும் நம்பாதீர்கள். புது வீட்டுக்காரர் சித்திரை மதியத்தில் உங்களை மரத்தடியில் உட்காரச் சொன்னால், உள்ளே போய் ஒரு தரம் தளத்தைத் தொட்டுப் பாருங்கள். மேற்கே ஒரு பூவரசு வையுங்கள். வருஷம் தவறாமல் மாடிக்கு வெள்ளையடியுங்கள்.

போன கோடையில் காய்ச்சலோடு அக்காவும் அதே அறையில் படுத்தார். ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு, “டேய், மேல ஏறிப் பாரு. எவனாச்சும் மீனு போட்டுகினு இருக்கப் போறான்” என்றார். பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் இல்லை என்றேன். “கையக் காட்டு” என்று என் கையை முகத்தருகே இழுத்து மோந்து பார்த்தார். சுண்ணாம்பு மட்டும்தான் ஒட்டியிருந்தது. அதன் பிறகுதான் என் கையை விட்டார். மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை.

அக்காவைத் தூக்கிச் சென்ற குப்பத்து உறவுகளுக்கும், சந்தையிலிருந்து வந்து அழுத பெண்களுக்கும், வருஷ திதிக்காகக் கேட்காமலே மாடிக்கு வெள்ளையடித்துக் கொடுத்த மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. திதிக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு அந்த அறையில் வெயில் தாழும்வரை படுத்திருங்கள். மாடிக்கு மட்டும் யாரும் ஏற வேண்டாம். அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குச் சந்தேகம்.