எபிரேயத்தில் கேட்டால்தான் தேநீர்

எழுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு கோடைகாலம். நான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்ததும், மெல்பேர்ன் செயின்ட் கில்டாவில் ஒரு மண்டபத்தில் கதிரை அடுக்கித் தேநீர் ஊற்றும் வேலை கிடைத்தது. மண்டபத்தில் நடந்தது எபிரேய மொழி வகுப்பு. போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்த யூதர்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், இஸ்ரேலில் குடியேறுவதற்காகக் காலை முதல் பின்னேரம் வரை அதையே படித்தார்கள்.

ஆசிரியை இஸ்ரேலில் புதிதாக வந்திறங்கியவர்களுக்குப் படிப்பித்தவர். வாசற்படியைத் தாண்டினால் வேறு மொழி கூடாது என்பது அவருடைய சட்டம். அதற்கு என்னையும் காவல் வைத்தார். எபிரேயத்தில் கேட்டவருக்குத்தான் நான் தேநீர் கொடுக்கலாம். சீனி, எலுமிச்சை, சூடு, இன்னொன்று என்ற சொற்களை முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்தார்.

என்னோடு அறையில் இருந்த பருத்தித்துறைக்காரர் டிராம் கொண்டக்டர். இதைக் கேட்டுச் சிரித்தார்.

“எட்டாம் வகுப்போட ஓடினவன் நீ. இப்ப சனத்துக்குச் சோதனை வைக்கிறியோ?”

“தேத்தண்ணிக்கு மட்டும்தான் அண்ணை.”

வகுப்பில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் சப்பாத்துத் திருத்தும் கடை வைத்திருந்தார். அவர்களுடைய ஒரே மகன் ஹைஃபாவில் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டான். அவனோடு போய் இருக்கவேண்டும் என்று மனைவி பிடிவாதமாக நின்றார். கணவருக்கு இந்த நகரத்தை விட மனமில்லை. பேச்செடுத்தாலே சண்டை. கடைசியில் மனைவி ஒரு நிபந்தனை போட்டார். போவதா இருப்பதா என்ற கதையை இனி எபிரேயத்தில்தான் பேசவேண்டும், வீட்டிலும். வேறு மொழியில் சொல்வது தன் காதில் விழாது. அப்படியாவது மனிதர் படிப்பார், படித்தால் புறப்படுவார் என்பது அவருடைய கணக்கு. இதையெல்லாம் கணவரே எனக்குச் சொன்னார்.

அவர் என்னிடம் தேநீர் கேட்பதில்லை. வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் கொண்டுவந்து பின்படியில் இருந்து குடிப்பார். நானும் சிகரெட் பிடிக்க அங்கேதான் போவேன். பின்படிக்குச் சட்டம் இல்லாததால் ஆங்கிலத்தில் பேசுவார்.

“போலந்து மொழியில பசி கிடந்தன். ரஷ்ய மொழியில மரம் வெட்டினன். இங்கிலீசில சப்பாத்து ஒட்டுறன். இந்த வயசில திரும்பவும் ‘இது கதவு, இது யன்னல்’ எண்டு தொடங்கச் சொல்லுறா.”

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. துறைமுகத்தில் சிங்களம், கப்பலில் இந்தி, இங்கே ஆங்கிலம் என்று நானும் பொறுக்கிக்கொண்டுதான் வந்தேன். வேலை கேட்கும் அளவுக்கு ஒவ்வொன்றும் போதுமாக இருந்தது.

வகுப்புப் பாதி கடந்த பிறகு அவர் மாறினார். பின்படியில் இருந்து சொற்களை முணுமுணுத்தார். இடைவேளையில் ஆசிரியையை மறித்து ஏதேதோ கேட்டார். மனைவியின் முகம் தெளிந்தது. பயணப்பெட்டிகள்கூட வாங்கியாகிவிட்டது என்றார்கள்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் பிளாஸ்க் இல்லாமல் என் மேசைக்கு வந்து எபிரேயத்தில் இரண்டு தேநீர் கேட்டார். பின்னால் நின்ற மனைவியிடம் ஒன்றை நீட்டிவிட்டு, அதே மொழியில் மெதுவாகப் பேசினார். அதற்குள் எனக்கும் அது விளங்கும் அளவுக்கு வந்திருந்தது.

“நான் வரமாட்டன். கடை இங்க. செத்துப்போன சிநேகிதரும் இங்கதான் கிடக்கினம். நீ போ. மகனோட இரு. நான் கோவிக்கமாட்டன்.”

எங்கோ ஒரு சொல் பிழைத்தது. பக்கத்தில் நின்ற ஆசிரியை திருத்த வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார்.

மனைவி கோப்பையைப் பிடித்தபடி நின்றார். மற்றவர்கள் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு கோப்பையை என் முன்னால் வைத்தார். எபிரேயத்தில் வகுப்பிலேயே முதல் ஆளான அவர் ஆங்கிலத்தில் சொன்னார்:

“ஆறிப்போச்சு. வேற ஒண்டு தாரும்.”

நான் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் இருவரும் வகுப்புக்கு வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், சிட்னிக்குப் புறப்படுமுன், என் சப்பாத்துக்குக் குதி அடிக்க அவர்கள் கடைக்குப் போனேன். மேசைக்கு மேலே மகனும் மருமகளும் நிற்கும் படம் மாட்டியிருந்தது. கணவனும் மனைவியும் உள்ளே போலந்து மொழியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடியும்வரை சப்பாத்தில்லாத காலில் வெறும் மேசோடு ஒரு கதிரையில் இருந்தேன்.