பழைய ஹெலிக்குப் புதிய கண்

எனக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று என் மனைவி இரண்டு வருடமாகச் சந்தேகப்பட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மற்றவர்களெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்து தங்கள் அறை, சமையல், பக்கத்துக் கட்டில்காரன் வரை வீட்டுக்குக் காட்டுவார்கள். நானோ காலை ஆறு மணிக்குப் போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்ப எடுப்பேன். கமரா உள்ள எதுவும் எங்கள் கொட்டகைக்குள் போகக் கூடாது. இதைச் சொன்னால், "எல்லாரும்தான் அங்க வேலை செய்யிறாங்க. ஒங்களுக்கு மட்டும் என்ன பூட்டு?" என்பாள்.

எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஹெலிகொப்டர்களைத் திருத்துவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். முதல் வருடம் அது உண்மை. பிறகு என் வயர் வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி என்னைத் தற்காலிகமாகக் கடைசிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மாற்றியதை வீட்டுக்குச் சொல்லவில்லை.

அங்கே நின்றவற்றை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அந்த இனத்து ஹெலியை அதுவரை பக்கவாட்டில் பார்த்ததே இல்லை. சின்ன வயதில், யுத்த காலத்தில், எங்கள் ஊர் ஆற்றுக்கு மேற்கே படுவான்கரை வட்டையில், வயல் வரம்போடு ஒட்டிக் கிடந்தபடி, அதன் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று பழைய வயரைத் தேடி அதன் அடியில் மல்லாந்து படுத்ததும் என் உடம்பு முந்திக்கொண்டது. மூத்திரம் முட்டி, எழுந்து ஓடினேன். சர்க்கரை வியாதியா என்று மேற்பார்வையாளர் கேட்டார். ஓம் என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் வேலை இதுதான். தாக்குதலுக்கென்று கட்டப்பட்ட பழைய ஹெலிகள் வரும். எஞ்சினும் உடம்பும் இன்னும் தாங்கும், உள்ளேயிருப்பதெல்லாம் அந்தக் காலத்துச் சாமான். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துள்ள வட்ட மீற்றர்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தொலைக்காட்சி மாதிரி மூன்று திரைகளைப் பூட்டுவோம். கட்டை இறக்கைகளில் முன்பு குருட்டுவாக்கில் விடும் ரொக்கட்டுகளுக்கான குழாய்கள் இருந்தன. இப்போது குறி தவறாமல் போகும் ஏவுகணைகளுக்கான தாங்கிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் கிலோமீற்றர் கணக்கில் வயர். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, பலகையில் விரித்துக் கட்டாகப் பின்னி, மீற்றர் வைத்துப் பீப் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. சும்மா சொல்லக் கூடாது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

இவை யாருடையவை, முடிந்ததும் எங்கே போகும் என்பதுதான் என்னை அரித்தது. வால் இலக்கத்தை உரசி எடுத்துவிட்டே எங்களிடம் கொண்டுவந்தார்கள். பெட்டிகளில் வந்த முகவரிகளில் கறுப்பு மை. ஒருநாள் தேநீர் நேரத்தில் பேச்சுவாக்கில் கேட்டேன். அடுத்த நாள் மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஏன் கேட்டாய், யார் கேட்கச் சொன்னது என்று விசாரித்தார். என்னோடு தேநீர் குடித்த மூவரில் யார் போட்டுக்கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. மூவரோடும் பேச்சைக் குறைத்தேன்.

கடைசிக் கொட்டகைக்கு மாறி இரண்டு வருடம் முடிந்தபோது அங்கேயே நிரந்தர வேலைக்கு என் பெயர் போனது. படிவத்தில் வீட்டு முகவரி சரிபார்க்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. தபாலில் ஏதாவது வரும் என்று நினைத்து, லீவில் ஊருக்கு, பழுகாமத்துக்கு வந்தேன். எங்கள் பக்க வழக்கப்படி மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. அவளுடைய அம்மா, என் மாமியும் எங்களோடுதான்.

வந்து ஐந்தாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். சப்பாத்து, கையில் பைல், கொழும்புத் தமிழ். சந்திக் கடையில் நிறுத்தி, என் முழுப் பெயரையும் சொல்லி, வீடு எது, ஆள் எப்படி, யாரோடு பழக்கம் என்று கேட்டிருக்கிறார். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் இப்படிக் கேட்டு வந்தவர்கள் யாரென்பதும், தேடப்பட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர் அப்படி ஒருவர் இந்த ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் தலை மறைந்ததும் எனக்குப் போன் எடுத்தார்.

நான் என்ன செய்தேன்? குற்றம் எதுவும் செய்யாத, பாஸ்போட்டில் ஒழுங்காக முத்திரை வாங்கி வந்த நாற்பது வயது மனிதன், சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வேலியால் பாய்ந்து ஆற்றங்கரைக் கண்டல் பற்றைக்குள் முழங்கால் சேற்றில் நின்றேன். பைலில் இருந்த முகவரியைப் பிடித்து வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரி அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாளாம். மாமி காது கேளாதவராகிவிட்டார். என் மனைவிதான் எல்லாரையும் வென்றாள். அவர் என்னை விட்டுப் போய் நாலு வருஷம், எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக் கண்ணீர் விட்டிருக்கிறாள். வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சேற்றோடு திரும்பி வந்த எனக்கு நிம்மதியாகவும் சந்தேகமாகவும் இருந்தது. அந்தக் கண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மனதில் கிடந்ததைத்தான் சொன்னேன் என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கொடுத்த முகவரியில் என்னை யாருக்கும் தெரியவில்லை, மனைவியும் நான் பிரிந்து போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இப்போது லீவில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருந்தார்கள். பைலோடு வந்தவர் வேலைக்கு ஆள் சரிபார்க்கும் தனியார் நிறுவனத்தின் ஆள். அவருடைய இலக்கத்தைத் தந்து, இன்று ஐந்து மணிக்கு முன் மனைவியோடு சேர்ந்து பேசி உறுதிப்படுத்தாவிட்டால் நிரந்தர வேலையும் இல்லை, பழைய வேலையும் இல்லை என்று முடித்திருந்தார்கள். ஊரே சேர்ந்து என்னைக் காப்பாற்றி நடுத்தெருவில் விட்டிருந்தது.

மனைவி குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை, ஓம் என் மனுசன்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றேன். அவள் உடனே போனை வாங்கவில்லை. எண்ணெய்க் கிணற்று ஹெலி திருத்துகிறவனுக்கு ஏன் வீடு வரைக்கும் ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள் என்று கேட்டாள். கேள்வி நியாயம். இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் அவள் சிரித்தாள். இன்னொருத்தி இல்லை என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டு நான் மடையன் மாதிரி உற்சாகமாகிவிட்டேன். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்த பெருமை வாயால் கொட்டியது. அவளுடைய அப்பா அறுவடைக் களத்தில் எதனால் செத்தார், மாமி ஏன் ஒரு காலை இழுத்து நடக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமலா? தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். ஹெலியின் மூக்கின் கீழே ஓர் உருண்டை பூட்டுகிறோம், அதற்குள் இருக்கும் கமரா உடம்புச் சூட்டை வைத்தே ஆளைப் பிடித்துவிடும், அதன் வயர் முழுக்க நான் போட்டது, எஞ்சினியரே வந்து கைகொடுத்தார் என்றேன்.

அவள் இறாலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ராவையிலயும் காணுமா?"

"ராவையிலதான் இன்னும் வடிவாக் காணும்," என்றேன். வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே அது கேட்டது.

அவள் கோபப்படவில்லை. ஏழு வயதில் நடந்ததை, ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல் சொன்னாள். ஹெலி சுட்டு அப்பா விழுந்த அன்று பொழுதுபடும் வரை அவளும் மாமியும் மற்றவர்களும் களத்துக் குடிசையான வாடிக்குள் அசையாமல் கிடந்தார்களாம். ஆள் அசைந்தால் ஹெலி திரும்பி வரும். மாமியின் காலைச் சேலையால் கட்டி, மைம்மல் பொழுது முற்றாக இருண்டபின் தோணியில் போட்டு ஆற்றுக்கு அக்கரை எழுவான்கரைக்குக் கொண்டுபோனார்கள். மேலே சத்தம் கேட்டது, ஆனால் அதற்கு இவர்களைத் தெரியவில்லை. அந்த இருட்டு இல்லாவிட்டால் அம்மா இல்லை, நானும் இல்லை என்றாள். பிறகு கேட்டாள்:

"மறுகா, இனி அந்தச் சனம் எப்ப ஆத்தைக் கடக்கிற?"

நான் வயர் போட்ட ஹெலிகளுக்குக் கீழே கிடக்கப்போகும் அந்தச் சனம் யார்? அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லவேயில்லை, நான் எடுத்துக் கொடுத்திருந்தால் பேசியிருப்பாள் என்றே நினைக்கிறேன். நான் எடுக்கவில்லை. ஐந்து மணி தாண்டியது.

நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. மின்னஞ்சல் வந்த உடனே பெருமை பேசாமல் அந்த இலக்கத்தை அழுத்தி அவளிடம் கொடுத்திருந்தால் இன்றும் அங்கேதான் இருந்திருப்பேன். இப்போது டவுனில் குளிரூட்டி திருத்துகிறேன். என் இடத்துக்கு யாரோ ஒருவன் வந்திருப்பான், வேலை நின்றிருக்காது. நான் என் கையால் வயர் போட்டு, பீப் சத்தம் கேட்டு, சரி என்று கையெழுத்து வைத்துக் கொடுத்த ஹெலிகள் நான்கு. அவை இப்போது எந்த ஆற்றுக்கு மேல் பறக்கின்றன என்று எனக்குத் தெரியாது.