வடிவுக்கு நான் பார்த்த கடற்கரை

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். 1949-இல் திருநெல்வேலிப் பக்கமிருந்து மாற்று வேட்டி ஒன்றோடு மெட்ராஸுக்கு வந்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக அலுமினியப் பாத்திரம் விற்று, பத்தே வருஷத்தில் தி. நகரில் எவர்சில்வர் கடை போட்டேன். வெள்ளைச்சாமி கடை என்றால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்லுவார். ஒரு குடத்தைச் சுண்டிப் பார்த்தால் போதும், தகட்டின் கனத்தைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். எந்தக் காரியமானாலும் முதலில் நேரில் போய்ப் பார்த்து, தட்டிப் பார்த்து, அப்புறம்தான் இறங்குவேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என் மகள் சண்முகவடிவைப் பற்றி.

வடிவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். உயிர் தங்கியது, இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் குதிகால் தரையில் படாது. நுனிக்காலை ஊன்றி ஒரு எட்டு, முழுக்காலை ஊன்றி ஒரு எட்டு என்று நடப்பாள். அந்தக் காலோடு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் அதுவரை அந்தப் பரீட்சையை யாரும் எழுதியதுகூட இல்லை. பிறகு டீச்சர் டிரெயினிங் முடித்து கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

"எப்பா, மத்த டீச்சருக்கு வகுப்ப அடக்க பிரம்பு வேணும். நான் வராண்டாவுல வர்ற சத்தம் கேட்டாலே போதும், பிள்ளைக கப்சிப்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

இருபத்து மூன்றாம் வயதில் வரன் பார்க்கத் தொடங்கினோம். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வடிவு அடுக்களையிலிருந்து பலகாரத் தட்டோடு வரவேண்டும். எங்கள் வீட்டில் அது பதினோரு எட்டு. முதலில் வந்தவர்கள் அந்தப் பதினோரு எட்டையும் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதாசி போடுகிறோம் என்று எழுந்தார்கள். இரண்டாவது வந்தவர்கள் கேசரியைத் தொடவே இல்லை. பாத்திரத்தில் ஒரு நெளிசல் இருந்தால் அதைத் திருப்பி வைத்து விற்க எனக்குத் தெரியும். பெற்ற மகளுக்கு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவதாக 1974 தை பிறந்த அன்றே தரகர் மாணிக்கவாசகம் ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் ஜவஹர். பொதுப்பணித்துறையில் கிளார்க், தகப்பனார் இல்லை, தாயாரோடு மந்தைவெளியில் குடியிருந்தான். போட்டோவை வடிவு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் என் மனைவி பேச்சியம்மாள்தான் சொன்னாள்: "ஏங்க, அந்தப் போட்டோ அவ நோட்டுக்குள்ள இருக்கு. இது மட்டும் தவறிப்போச்சுன்னா பிள்ள தாங்க மாட்டா."

அந்த வாரம்தான் காணும் பொங்கல் வந்தது. மெரினாவில் கூட்டத்தோடு நின்றிருந்தேன். எதிரே வந்த ஜனங்கள் எல்லோரும் மணலில் கால் புதைந்து, சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். போலீஸ்காரர்கூட நொண்டினார். எனக்கு மண்டைக்குள் விளக்குப் போட்டமாதிரி ஆயிற்று. மணலில் எல்லோருக்கும் ஒரே நடைதான்! பெண் பார்ப்பதைக் கடற்கரையில் வைத்தால் என்ன?

மாணிக்கவாசகத்திடம் போய், "கால் விஷயத்தை இப்போது சொல்ல வேண்டாம். பிள்ளையைப் பிடித்துப்போன பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவைத்தார்.

அடுத்த மூன்று வாரம் கடை திறப்பதற்கு முன்னால் கடற்கரை பார்ப்பதே எனக்கு வேலை. மெரினாவில் கூட்டம் மிதித்து மணல் இறுகியிருந்தது. பட்டினப்பாக்கத்தில் கட்டுமரத்தை இழுத்து இழுத்து வழியெல்லாம் கெட்டித்தரை. அடையாறு எலியட்ஸ் கடற்கரையில் தெரிந்த முகங்கள் அதிகம். திருவான்மியூரில் மணல் அகலம் போதாது. நாலு எட்டு வைத்தால் ஈர மணல் வந்துவிடும். ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி, எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் நீலாங்கரை. மீன்பிடிக்கும் கிராமம். மகாபலிபுரம் சாலையிலிருந்து சவுக்குத்தோப்பு வரைக்கும் கார் போகும். தோப்பைத் தாண்டினால் கணுக்கால் புதைகிற பொடி மணல், நூறு எட்டுக்குக் குறையாது. நான் அங்கே நடந்து நடந்து பார்ப்பதைக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த வேலம்மா என்ற அம்மாள் கவனித்துவிட்டாள்.

"இன்னா நைனா, மூணு நாளா வர்றே, குறுக்க நெடுக்க நடக்குறே. இன்னாத்த தொலைச்சே?"

"ஒண்ணும் தொலைக்கல. மணலப் பாக்கேன்."

"மணலையா? இட்டுக்கினு போய் இட்லி அவிக்கப் போறியா?"

"என் மகளப் பொண்ணு பாக்க இங்க வாராங்க. அதுக்குத்தான்."

"பொண்ணு பாக்க இங்கயா! ஏன், ஊட்ல கூர ஒழுவுதா?"

"மாடி வீடு, தாயி! தி. நகர்ல வந்து கேட்டுப் பாரு!"

"அப்பால இன்னாத்துக்கு என் கருவாட்டு நாத்தத்துல குந்த வெக்குறே?" என்று சிரித்துவிட்டுக் காக்கை விரட்டப் போய்விட்டாள்.

வீட்டில், மாப்பிள்ளை வீட்டார் காற்றாட வெளியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுவதாகச் சொன்னேன். வடிவு நம்பினாள். பேச்சியம்மாளின் பச்சைப் பட்டுப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். வாடகைக் காரில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஒரு நாள் கூட்டியாரணும்ப்பா" என்றாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மாலை நாலரை மணிக்கு ஜவஹரும் அவன் தாயாரும் மாணிக்கவாசகத்தோடு வந்து சேர்ந்தார்கள். எல்லோருமாகத் தோப்பைத் தாண்டி மணலில் இறங்கினோம். நான் கணக்குப் போட்டபடியே நடந்தது. ஜவஹருக்குச் செருப்பு மணலில் சிக்கிக்கொண்டது. அவன் தாயார் தடுமாறி, "அம்மாடி, என்னைப் புடிச்சுக்கம்மா" என்று வடிவின் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து சாய்ந்து சாய்ந்து, சிரித்துக்கொண்டே நடந்தார்கள். யார் கால் எப்படி என்று சாமி இறங்கி வந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

காய்ந்த மணலிலேயே ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தேன். ஜவஹர் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். வடிவு தன் சத்தத்துக்கு வகுப்பு அடங்குவதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாணிக்கவாசகத்தைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல காரியம் செய்தால் நாலு பேரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, பிறவிக்குணம்.

"பாத்தீரா வே! மூணு வாரம் அலைஞ்சு புடிச்ச மணலு. என் மக நொண்டின்னு இங்க எவன் சொல்லுவான்?"

மாணிக்கவாசகம் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். முறுக்கு டின்னை எடுக்க வந்த வடிவு நின்றுகொண்டிருந்தாள்.

டின்னைக் கீழே வைத்தாள். நேரே அந்த அம்மாளிடம் போனாள்.

"வாங்க அத்தை, தண்ணியில கால் நனைச்சிட்டு வரலாம்."

"வேண்டாம் தாயி, அலை பெருசா இருக்கு!" என்று கத்தினேன். அவள் நிற்கவில்லை. ஈர மணலில் இறங்கிப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எல்லோரும் பார்க்க, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நடந்தாள். பின்னால் தடம் விழுந்துகொண்டே போனது. வலது பாதம் முழுசாக. இடது பாதம் விரல் நுனி மட்டும்.

ஜவஹரின் தாயார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கால் விஷயத்தைத் தரகர் வரன் பேசுன அன்னைக்கே சொல்லிட்டாருங்க. தெரிஞ்சுதான் வந்தோம். என் மகனுக்குப் பூரண சம்மதம். நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தோம்."

எனக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. வடிவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அந்த அம்மாளைக் கும்பிட்டாள். ஜவஹரை ஒரு தடவை பார்த்தாள். காரில் ஏறினாள்.

அடையாறு பாலம் வரும்போது, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா" என்றாள்.

"ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா? அவங்களே சம்மதம்ங்காங்க!"

"அவங்க எல்லாம் தெரிஞ்சு வந்திருக்காங்க. நானும் உங்களோட சேர்ந்து கால மறைச்சு நடிச்சேன்னுல்லா நெனச்சிருப்பாங்க. அந்த அம்மா கையப் புடிச்சுக்கிட்டு நான் சிரிச்சேனேப்பா. அந்த வீட்டுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

"நான் உன் நல்லதுக்குத்தான்..."

"மணவறையில அக்கினியச் சுத்தி மூணு வாட்டி நடக்கணும். அங்க எத்தன வண்டி மணல் கொட்டுவீங்க?"

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். நான் அதட்டினேன், மிரட்டினேன். பிறகு மாசக்கணக்கில் கெஞ்சினேன். ஜவஹர் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். அவள் வேண்டாம் என்ற சொல்லை மாற்றவே இல்லை. மறு தையில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அன்றைக்கும் வடிவு பள்ளிக்கூடம் போனாள். திரும்பி வந்து, நோட்டிலிருந்த போட்டோவை எடுத்துத் தரகரிடம் கொடுத்துவிடச் சொல்லி அம்மாவிடம் நீட்டினாள். ராத்திரி சாப்பிடவில்லை.

அப்புறம் எந்த வரனையும் வீட்டு வாசல் ஏறவிடவில்லை. 1977-இல் கூட வேலை பார்க்கும் ரத்னா டீச்சரோடு கே.கே. நகரில் வீடு எடுத்துப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறாள். மாதம் ஒரு தடவை நான் போனால் காப்பி போட்டுத் தருகிறாள், கண்ணுக்கு மருந்து விடுகிறாள். இப்போது எனக்கு இரண்டு கடை. இரண்டாவது கடை திறப்புக்கு அந்தத் தெருவே அடைத்துக்கொண்டு ஆள் வந்தது. வடிவு வந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தவள், எல்லோரும் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் வழியனுப்ப வருவாள். தெரு முனை தாண்டியதும், "நீங்க முன்னால போங்கப்பா" என்பாள். முன்பெல்லாம் என் பக்கத்தில் வாயாடிக்கொண்டே வந்தவள். நான் முன்னால் போவேன். பின்னால் ஒரு எட்டு அழுத்தி, ஒரு எட்டு மெல்ல, அவள் வருவது கேட்கும். போன மாதம் மனசு கேட்காமல் திரும்பிவிட்டேன். உடனே நின்றுவிட்டாள். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, நான் மறுபடி முன்னால் திரும்பும்வரை அந்த வெயிலில் அப்படியே நின்றாள்.