வாலில்லாத் தேளுக்குத் தாய் தேடிய ஏழுமலை

வயலுக்கு எருவாக்கச் சேர்த்துவைத்த என் மாஞ்சருகுக் குவியலைக் கொளுத்த, இன்று காலை பக்கத்து வீட்டு ஏழுமலை தீப்பெட்டியோடு வந்தான்.

"மாமா, உள்ள தேளு கீது! போன்ல பெருசாக்கிப் பாத்தேன், நண்டு மாதிரி கொடுக்கு!"

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விட்டுக் காட்டினேன். எள்ளளவுதான் இருந்தது.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து சருகுல கீதுடா. வாலே இல்ல, இன்னாத்த வச்சிக் கொட்டும்?"

ஏழுமலை யோசித்தான்.

"அப்ப இது குட்டி மாமா. வாலு இனிமேதான் மொளைக்கும். தாயி உள்ள கீது!"

என்ன ஒரு அறிவு!

"கொளுத்தினா தாயி ஓடிப்பூடும்டா. பொரட்டித் தேடு" என்றேன்.

மத்தியானம் வரை மண்வெட்டியால் கீழ்மேலாகப் புரட்டினான். கூலிக்கு ஆள் வைத்தாலும் எருவை இவ்வளவு நேர்த்தியாகப் புரட்டமாட்டார்கள்.

தாய் கிடைக்கவில்லை.

எங்கள் பாகூர்ப் பக்கம் அவனைப் பார்த்தால், அது அடியில்தான் இருக்கும் என்று சொல்லிவையுங்கள். இன்னும் ஒரு புரட்டு பாக்கி இருக்கிறது.